பழைய சைக்கிளைக் கொடுக்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பையன் எட்டாவது படிக்கும்போது அடம் பிடித்து வாங்கின 'மவுன்டன் பைக்' அங்கே நிற்கிறதா? தடித்தடியாய் டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், ஹேண்டில் பாரில் திருகுகிற கியர்... தெருவே திரும்பிப் பார்த்த சைக்கிள்! இரண்டு வருஷம் ஓட்டினான். அப்புறம் டியூஷன், காலேஜ், பைக் என்று ஆகிவிட்டது. இப்போது அதன் மேல் அரை இஞ்ச் தூசி. மழைக்காலத்தில் ஈரத்துண்டு காயப்போட மட்டும் பயன்படுகிறது.

தீபாவளிக்கு வீடு ஒழிக்கிறபோது அம்மாவுக்கு ஒரு யோசனை வரும். "சும்மாத்தானே கெடக்கு... நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க பொண்ணு ஏழாவது படிக்குது. ஸ்கூலுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடந்தே போகுதாம். அதுக்குக் கொடுத்துடலாமே!"

நல்ல மனசுதான், சந்தேகமில்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் வந்தால் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுத்துவிடுகிறது. ஆறாவதிலிருந்து பத்தாவது வரைதான் நடை. அந்த வயசில் கையில் கிடைக்கிற சைக்கிள் பெரிய விஷயம். ஆனால் துடைத்துக் காற்றடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதா?' என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. வாங்கிக்கொள்கிறவர் பார்க்க மாட்டார். கடையில் காசு கொடுத்து வாங்கினால் 'இது பெரிசா இருக்கு', 'பிரேக் பிடிக்கலை' என்று நாலு வார்த்தை கேட்கலாம். சும்மா வருகிற பொருளுக்கு யார் குறை சொல்வார்கள்? அந்தப் பெண்ணும் சொல்லாது, அதன் அம்மாவும் சொல்ல மாட்டார். பிரேக் பிடிக்காத சைக்கிளிலேயே பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் பள்ளிக்கூடம் போகும். அதனால் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியது கொடுக்கிற நீங்கள்தான்.

முதலில் பிள்ளையை அளங்கள்

"நாங்கல்லாம் அப்பாவோட பார் வெச்ச சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கலையா?" என்று வீட்டில் பெரியவர் யாராவது கட்டாயம் கேட்பார். கற்றுக்கொண்டோம்தான். முட்டியில் இருக்கிற தழும்பை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தெருவில் மாட்டு வண்டியும் வாடகை சைக்கிளும்தான் போயின. இன்றைக்கு அப்படியா?

இன்னொரு வாதமும் வரும்: "வளர்ற புள்ள, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்." யூனிஃபார்ம் என்றால் சரி, உள்ளே மடித்துத் தைத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து விடலாம். சைக்கிளில் மடிக்கிற வேலை இல்லை. ஃபிரேம் எத்தனை உயரமோ அத்தனைதான்.

சைக்கிள் கடையில் '26 இஞ்ச்' என்று சொல்வது சக்கரத்தின் அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். ஃபிரேம் அளவு வேறு. கிராங்க் சுழல்கிறதே, அந்த அச்சின் நடுவிலிருந்து சீட் செருகும் குழாயின் மேல் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால் வருவது அது. 26 இஞ்ச் சக்கரம் போட்ட விலை குறைந்த மவுன்டன் பைக்குகளில் இது பெரும்பாலும் 17, 18 இஞ்ச் இருக்கும். தோராயமாகச் சொன்னால் நாலடி உயரப் பிள்ளைக்கு 20 இஞ்ச் சக்கரம், நாலரை அடியை ஒட்டி 24, ஐந்தடியைத் தாண்டினால் 26. ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கால் நீளம், ஒன்றுக்கு உடம்பு நீளம். சைக்கிளுக்கு வேண்டியது கால் கணக்கு.

அதை எப்படி எடுப்பது? தையல்காரர் பேண்ட்டுக்கு அளக்கிற உள்கால் அளவுதான். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே இழுத்துப் பிடிக்கட்டும். புத்தகத்தின் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் உள்கால் அளவு. பெண் பிள்ளை என்றால் அதன் அம்மாவை விட்டு அளக்கச் சொல்லுங்கள். நாம் அளக்கிறேன் பேர்வழி என்று கூச்சப்பட வைக்கக் கூடாது.

அந்தப் பிள்ளைக்கு 70 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகிற பார் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பிள்ளை பாரின் இரண்டு பக்கமும் கால் போட்டுத் தரையில் நிற்கும்போது உடம்புக்கும் பாருக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். அதாவது பார் 65 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் சைக்கிளில் 73 இருந்தால்? அந்தப் பிள்ளைக்கு அது ஆகாது. வளைத்து நெளித்துச் சமாளிக்கவும் வேண்டாம். சிக்னலில் சட்டென்று சீட்டிலிருந்து இறங்கினால் இடுப்பெலும்பும் மறைவிடமும் இரும்புக் குழாயில் மோதும். ஆண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைக்கும் அது மோசமான காயம். அந்த சைக்கிள் பத்தாவது படிக்கிற அண்ணனுக்கோ, அவங்க அப்பாவுக்கோ சரியாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது சீட் உயரம். பார் சரியாக அமைந்தால் இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். உள்கால் அளவை 0.88 ஆல் பெருக்குங்கள். 70 என்றால் கிட்டத்தட்ட 62 செ.மீ. கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை அவ்வளவு இருந்தால் போதும். கணக்கு வராது என்கிறவர்களுக்கு ஒரு சுலப வழி: யாராவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைக்கட்டும். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளை என்றால் மட்டும், இரண்டு பாதமும் தரையில் படுகிற மாதிரி இறக்கி வையுங்கள். பயம் தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முட்டி அளவுக்கு மேல் மடங்கி, முட்டிச் சில்லுக்கு முன்னால் வலி வரும். ரொம்ப உயர்ந்திருந்தால் முட்டிக்குப் பின்னால் இழுக்கும். மிதிக்கும்போது இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதைப் பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும். சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தால் தொடையிடுக்கில் மரத்துப் போகும். கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். அப்படி நாள்கணக்கில் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும். மணிக்கட்டுப் பக்கம் ஒரு நரம்பு அழுந்துவதுதான் காரணம். 'ஸ்கூல்ல எழுதும்போது கை மதமதங்குது' என்று பிள்ளை சொன்னால் சைக்கிள் சீட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. சீட் கம்பியில் 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிகிற மாதிரி ஏற்றினால் கம்பி வளையும், சில சமயம் முறிந்தும் போகும். அந்தக் கோடு வரை ஏற்றியும் கால் மடங்கியே இருக்கிறதா? சைக்கிள் அந்த ஆளுக்குச் சின்னது.

கை எட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை கொஞ்சம் மடங்கி, தோள் தளர்வாக இருக்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டி, கழுத்தைத் தூக்கி ஓட்டினால் முதுகு வலி நிச்சயம். விரல்? ஹேண்டிலைப் பிடித்தபடியே பிரேக் லீவரைச் சுற்றி வளைக்க முடிய வேண்டும். சின்னக் கைக்கு எட்டாது. ஆனால் நிறைய லீவர்களில் ஹேண்டிலுக்கு அருகே ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் லீவர் உள்ளே வந்துவிடும். இது பல பேருக்குத் தெரியாது.

அப்புறம் எடை. இந்த வகை சைக்கிள்கள் பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல்தான். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்தது இன்னும் கனம். முப்பது கிலோ இருக்கிற பிள்ளைக்கு அது பாதி உடம்பு! வாசப்படி தாண்டித் தூக்கி வைக்க முடிகிறதா என்று செய்யச் சொல்லிப் பாருங்கள்.

நிற்கிறதா, அதைப் பாருங்கள்

மவுன்டன் பைக் பிறந்த கதையே பிரேக் கதைதான். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் பழைய தடி டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டு போய், செங்குத்தான மண்பாதையில் கீழே விட்டு விளையாடினார்கள். 1976-ல் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். பின்சக்கரத்து அச்சுக்குள்ளேயே இருந்த பிரேக் இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. நம் மாடிப்படி சைக்கிளுக்கு அந்த வம்சத்தின் பெயரும் தோற்றமும்தான் உண்டு. மலையில் விட இது ஆகாது. பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும் போய்வரத் தாராளமாகப் போதும், ஆனால் பிரேக் பிடிக்க வேண்டும்!

சைக்கிளை நிறுத்தி லீவரை முழுசாக அழுத்துங்கள். லீவர் ஹேண்டிலைத் தொடக் கூடாது. பிரேக் கட்டையில் இருக்கிற கோடுகள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் மாற்ற வேண்டும். தேயாவிட்டாலும் பல வருஷம் சும்மா நின்ற சைக்கிளில் ரப்பர் கல் மாதிரி இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் தெரியும். கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் உரசினால் ஒரு நாள் டயர் வெடிக்கும். ஒயர் துருப்பிடித்து உறைக்குள் சிக்குகிறதா? லீவரை விட்டதும் டக்கென்று திரும்பாமல் சோம்பேறித்தனமாக வந்தால் ஒயரும் உறையும் புதுசு போடுங்கள். பிறகு சைக்கிளை முன்னால் தள்ளிக்கொண்டே முன்பிரேக்கைப் பிடியுங்கள், பின்சக்கரம் மேலே எழும்ப வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் தேறியது. இரும்பு ரிம் என்றால் மழையில் பிடிமானம் பாதிகூட இருக்காது. அதைப் பிள்ளையிடம் வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஃபிரேம். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேர்கிற பற்றவைப்பு இடத்தில் ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் கூர்ந்து பாருங்கள். பெயிண்டில் மயிரிழை மாதிரிக் கீறல், சுருக்கம், கொப்புளம் இருந்தால் உள்ளே இரும்பு விட்டுப் போகிறது என்று அர்த்தம். எப்போதோ எதிலாவது மோதியிருந்தால் முன்ஃபோர்க் பின்னால் மடங்கியிருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பிடிபடும். இந்த இரண்டில் எது இருந்தாலும் தானம் கிடையாது, பழைய இரும்புக் கடைதான். பற்றவைத்துக் கொடுக்கலாமே என்று நினைக்காதீர்கள். ஓடும்போது முன்பக்கம் முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கப்பில் 'டக் டக்' என்று தட்டினால் லூஸ். கிராங்க்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம். இவையெல்லாம் ஓவராயில் செய்யும்போது சரியாகிவிடும், கவலை வேண்டாம். டயரில் பக்கவாட்டு வெடிப்பு மட்டும் சரியாகாது. காற்றில்லாமல் வருஷக்கணக்கில் நின்ற டயரின் ரப்பர் வெடித்துப் போயிருக்கும். பட்டன் தேயவே இல்லையே என்று ஏமாறாதீர்கள்.

செயினுக்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். சரியான செயினில் 12 இஞ்ச்சுக்கு நேராக இன்னொரு பின்னின் நடு வரும். பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளியிருந்தால் செயின் மட்டும் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். பல் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். (பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொன்னது இதற்கும்தான்!) தேய்ந்த பல்லில் செயின் வழுக்கும். எழுந்து நின்று மேட்டில் மிதிக்கிற பிள்ளை பாரில் விழும்.

கியர் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 18 கியரும் விழவேண்டிய அவசியமில்லை. முன்பல் ஒன்றில் நிலையாக வைத்து, பின்னால் மூன்று நாலு கியர் ஒழுங்காக விழுந்தால் பள்ளிக்கூடம் போகப் போதும். அடிக்கடி ரிப்பேர் வைக்கிற கியருக்கு அவர்கள் எங்கே செலவு செய்வார்கள்?

இந்தச் சின்ன மூடியை மறக்காதீர்கள்

ஹேண்டில் பாரின் இரண்டு நுனியிலும் ரப்பர் பிடி கிழிந்து, இரும்புக் குழாயின் வட்ட விளிம்பு வெளியே தெரிகிறதா? இதை யாரும் பெரிசாக நினைப்பதில்லை. ஆனால் குழந்தைகள் சைக்கிளிலிருந்து விழும்போது ஹேண்டில் திரும்பி அந்த நுனி வயிற்றில் குத்துவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விபத்து. மேலே வட்டமாக ஒரு சிவப்புத் தடம் மட்டும்தான் இருக்கும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருக்கலாம். விழுந்த பிள்ளைக்கு வயிற்று வலியோ வாந்தியோ இருந்தால், முகம் வெளிறினால், 'லேசா இடிச்சிருக்கு' என்று தைலம் தடவிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இதைத் தடுக்க வேண்டியது ஒரு ஜோடி பிடியும் நுனி மூடியும்தான். பிசுபிசுத்துப் போன பழைய பிடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடுங்கள்.

வீட்டில் பழைய ஹெல்மெட் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றும். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட்டைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றுகிறது. நசுங்கினது மறுபடி எழும்பாது.

இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் கேரியர், செயின் கவர், முழு மட்கார்டு எதுவும் இருக்காது. உங்கள் பையனுக்கு அதுதான் ஸ்டைல். தாவணியோ துப்பட்டாவோ போட்டுப் போகிற பெண்ணுக்கு அது ஆபத்து. துணி பின்சக்கரத்தில் சிக்கினால் கழுத்தைச் சுற்றி இழுக்கும். செயின் கவர், மட்கார்டு, கேரியர் மூன்றையும் கடையில் பொருத்தித் தருவார்கள். புத்தகப் பையும் முதுகிலிருந்து கேரியருக்குப் போய்விடும். பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஒரு பூட்டு... இவை இல்லாமல் கொடுக்கக் கூடாது. பூட்டு இல்லாத சைக்கிள் பள்ளிக்கூட வாசலில் எத்தனை நாள் நிற்கும்?

"இதுக்கெல்லாம் செலவு ஆகுமே!" ஆகும். அதை நீங்கள் செய்து கொடுத்தால்தான் அது தானம். 'கொஞ்சம் ரிப்பேர் இருக்கு, பார்த்துக்கோங்க' என்று கொடுத்தால் ஒரு வாரக் கூலியை அவர்கள் கடையில் கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் கடைக்காரரிடம் காட்டி மொத்தம் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் பிள்ளைக்குச் சரியான அளவில் ஓவராயில் செய்த வேறு பழைய சைக்கிளே கிடைக்கும் என்றால் அதை வாங்கிக் கொடுங்கள். உங்கள் சைக்கிளை அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டால், சீட்டும் சக்கரமும் வேறு யாருக்காவது உதவும்.

காற்றடிக்கும் மூக்கையும் பாருங்கள். சாதாரண சைக்கிள் மாதிரி வால்டியூப் போட்டதா, மோட்டார் பைக் மாதிரி முள் வைத்ததா? இரண்டாவது வகை என்றால் வீட்டில் உள்ள பழைய கைப்பம்பு ஒத்து வராது. அதற்கேற்ற பம்பையும் சேர்த்துக் கொடுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பிள்ளையிடம் காட்டுங்கள்.

கொடுக்கிற அன்றைக்கு எந்தக் கை பிரேக் முன்சக்கரத்துக்கு, எது பின்னுக்கு என்று பிடிக்க வைத்துக் காட்டி, உங்கள் தெருவிலேயே நாலு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பாருங்கள். பழைய பில் இருந்தால் அதையும், இல்லையென்றால் 'இதை நான் கொடுத்தேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுங்கள். பளபளவென்று கியர் சைக்கிளில் அந்தப் பிள்ளை போனால் 'ஏது இது?' என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். புது ஒயர் இரண்டு வாரத்தில் கொஞ்சம் நீண்டு தளரும். பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்து வரச் சொல்லி, பிரேக்கையும் நட்டுகளையும் ஒரு தடவை முறுக்கிக் கொடுத்து அனுப்புங்கள்.